ஆங்கிலத்தின் ‘ரஃப்’: புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் எல்லோருக்கும் ‘ரஃப்’ ஏற்கெனவே தெரிந்த சொல்தான். ரஃப் நோட்டு, ரஃப்பா ஒரு கணக்கு, ரஃப்பான ஆள் என்று தமிழ் பேசும்போதே சரளமாக வந்து விழுகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தெரிந்த சொல் என்பதால் யாரும் அதற்காக அகராதியைப் புரட்டுவதில்லை. பேச்சுத் தமிழில் அதற்கு என்ன பொருள் கொடுத்து வைத்திருக்கிறோமோ, அதையே ஆங்கிலத்திலும் எழுதிவிடுகிறோம். கண்டிப்பான ஆசிரியர் ஒருவரை ‘ரஃப் டீச்சர்’ என்று எழுதினால், ஆங்கிலம் நன்கு தெரிந்தவர் மாணவர்கள் மீது கை நீட்டுகிற ஆசிரியர் என்று எடுத்துக்கொள்வார். எவ்வளவு பெரிய பழி பாருங்கள்!

சரி, அகராதியைப் புரட்டினால் மட்டும் தெளிவு வந்துவிடுமா? சொரசொரப்பான, கரடுமுரடான, முரட்டுத்தனமான, தோராயமான, கொந்தளிப்பான, கரகரத்த, பட்டை தீட்டாத என்று வரிசையாக வந்து நிற்கும். அதில் எதை எடுப்பது என்று அகராதி சொல்லாது. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் உறுதியான கருத்து. ‘ரஃப்’ தனியாக நிற்கும்போது அதன் பொருள் பாதிதான். மீதிப் பாதியை அது எந்தப் பெயர்ச்சொல்லோடு சேர்கிறதோ அந்தப் பெயர்ச்சொல் தருகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

முதல் படி: ஒலியும் எழுத்தும்

ஆர், ஓ, யூ, ஜி, எச் என்று ஐந்து எழுத்து. கடைசி மூன்றைப் பார்த்து ‘ரௌ’ என்றோ ‘ரோக்’ என்றோ படித்துவிட வேண்டாம். ‘மரம்’ என்பதில் வரும் குறில் ‘ர’, அதற்குப் பிறகு ‘ஃப்’. கீழுதட்டை மேல்பல்லில் லேசாகத் தொட்டு, காற்றை வெளியே விட்டால் ‘ஃப்’ வந்துவிடும். இரண்டு உதடுகளையும் சேர்த்து மூடினால் அது ‘ரப்’ போல ஒலிக்கும். தேய்ப்பதைக் குறிக்கும் வேறொரு ஆங்கிலச் சொல் காதில் விழும்.

எழுத்துக்கும் ஒலிக்கும் ஏன் இவ்வளவு தூரம்? பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஏறக்குறைய ‘ரூஹ்’ என்று இருந்தது. கடைசி ஒலி தொண்டையிலிருந்து உரசிக்கொண்டு வரும். காலப்போக்கில் அந்த உரசல் ஒலி சில சொற்களில் ‘ஃப்’ ஆனது, வேறு சிலவற்றில் சுவடில்லாமல் மறைந்தது. எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அதனால்தான் அதே நான்கு எழுத்தில் முடிகிற ‘டஃப்’, ‘இனஃப்’ இரண்டும் ‘ரஃப்’ போலவே ஒலிக்க, ‘த்ரூ’, ‘தோ’ இரண்டிலும் ஜி, எச் வாயே திறப்பதில்லை. இதற்கு விதி தேடாமல் ரஃப், டஃப், இனஃப் மூன்றையும் ஒரு கூட்டமாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதுதான் சுருக்கு வழி.

ஒப்பிட்டுப் பேச ‘ரஃபர்’, ‘ரஃபஸ்ட்’. பெயர்ச்சொல் ‘ரஃப்னஸ்’. ஒரு பரப்பைச் சொரசொரப்பாக்கினால் ‘ரஃபன்’. இவற்றில் குழப்பம் எதுவும் இல்லை. ‘ரஃப்லி’ மட்டும் தனிக்கதை; அதைப் பின்னால் பார்க்கலாம்.

இரண்டாம் படி: எதிர்ச்சொல்லைத் தேடுங்கள்

புதிதாக ஒரு வாக்கியத்தில் ‘ரஃப்’ வந்து பொருள் பிடிபடவில்லை என்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த இடத்தில் இதற்கு எதிரான நிலை எது?

மேசையின் பரப்பு ரஃப் என்றால், எதிர்நிலை வழவழப்பு. கடல் ரஃப் என்றால், எதிர்நிலை அமைதி. மதிப்பீடு ரஃப் என்றால், எதிர்நிலை துல்லியம். எழுதிய வரைவு ரஃப் என்றால், எதிர்நிலை இறுதிப் பிரதி. ஒருவர் கையாளும் விதம் ரஃப் என்றால், எதிர்நிலை மென்மை. வட்டாரம் ரஃப் என்றால், எதிர்நிலை பாதுகாப்பான இடம். வைரம் ரஃப் என்றால், எதிர்நிலை பட்டை தீட்டியது. நாள் ரஃப் என்றால், எதிர்நிலை அலுங்காமல் கழிந்த நாள்.

ஒவ்வொரு முறையும் எதிர்ச்சொல் மாறுகிறது, கவனித்தீர்களா? எதிர்ச்சொல் மாறினால் பொருளும் மாறிவிட்டது என்று அர்த்தம். இந்தக் கேள்விக்கு அகராதி தேவையில்லை, பெயர்ச்சொல் புரிந்தால் போதும். எதையும் எழுதும்போதும் இதே சோதனை உதவும். நீங்கள் சொல்ல நினைத்ததன் எதிர்நிலை வழவழப்பு, அமைதி, துல்லியம், முழுமை, மென்மை என்ற வட்டத்துக்குள் வரவில்லை என்றால், உங்களுக்குத் தேவையான சொல் பெரும்பாலும் ‘ரஃப்’ ஆக இருக்காது.

மூன்றாம் படி: எங்கெல்லாம் வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தொட்டால் தெரிவதுதான் இதன் அடிப்படைப் பொருள். சொரசொரப்பான சுவர், காய்ப்புக் காய்த்த கை, மரப்பட்டை எல்லாம் ரஃப். அறிவியலும் தொழில்நுட்பமும் இதே பொருளில்தான் எடுத்துக்கொண்டன. இயந்திரத் தொழிலில் ஒரு உலோகப் பரப்பு எவ்வளவு மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்பதை ‘சர்ஃபேஸ் ரஃப்னஸ்’ என்று மைக்ரோமீட்டரில் அளக்கிறார்கள். உயிரணுவுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலைப்பின்னலில் ஒரு வகைக்கு ‘ரஃப்’ என்றே பெயர். அதன் மேல் ரைபோசோம்கள் என்ற நுண்துகள்கள் ஒட்டிக்கொண்டிருப்பதால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும்போது பொரிப் பொரியாகத் தெரியும். ரைபோசோம் ஒட்டாத வகைக்கு ‘ஸ்மூத்’ என்று பெயர். எதிர்ச்சொல் சோதனை இங்கே பாடப்புத்தகத்திலேயே செய்து வைக்கப்பட்டிருக்கிறது.

நிலத்துக்கு வரும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘ரஃப் டெரெய்ன்’ என்றால் கல்லும் குழியுமான நிலப்பரப்பு. ஆனால் ‘ரஃப் ஏரியா’, ‘ரஃப் நெய்பர்ஹுட்’ என்றால் அடிதடியும் குற்றமும் மலிந்த வட்டாரம். இரண்டுமே இடம்தான், ஒன்று தரையைச் சொல்கிறது, மற்றது அங்கே நடப்பதைச் சொல்கிறது. பாறைகள் நிறைந்த ஊர் ஒன்றில் வசிப்பவர் ‘ரஃப் ஏரியாவில் இருக்கிறேன்’ என்று எழுதினால், படிப்பவர் அவர் பத்திரமாக இருக்கிறாரா என்றுதான் முதலில் கவலைப்படுவார்.

கடலும் காற்றும் அடுத்து. இங்கே ‘ரஃப்’ வெறும் வர்ணனையோடு நின்றுவிடுவதில்லை. உலக வானிலை அமைப்பின் கடல்நிலை அளவுகோலில் அதற்கு எல்லை வகுத்திருக்கிறார்கள். அலை 2.5 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை உயர்ந்தால் ‘ரஃப்’. 4 முதல் 6 மீட்டர் வரை ‘வெரி ரஃப்’. அதற்குக் கீழே 1.25 முதல் 2.5 மீட்டர் வரை ‘மாடரேட்’. வானிலை அறிக்கையில் இந்தச் சொல் வந்தால், சிறு படகில் போகிறவர்களுக்கு அது நேரடியான எச்சரிக்கை. விமானம் குலுங்கிக்கொண்டே போனால் ‘ரஃப் ஃப்ளைட்’ என்பதும் இதே வழியில் வந்ததுதான்.

அப்புறம், முடிவடையாத வேலை. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த பகுதி இது. ‘ரஃப் டிராஃப்ட்’, ‘ரஃப் ஸ்கெட்ச்’, ‘ரஃப் ஐடியா’, ‘ரஃப் எஸ்டிமேட்’, படத்தொகுப்பில் ‘ரஃப் கட்’. இவை எதிலும் குறை சொல்லும் தொனி இல்லை. ‘இது இன்னும் முடியவில்லை, மேலே வேலை இருக்கிறது’ என்று மட்டுமே சொல்கின்றன. அதனால் உங்கள் சொந்த வேலையை அடுத்தவரிடம் காட்டும்போது ‘ரஃப் டிராஃப்ட்’ என்று சொல்வது மரியாதையான வழக்கம். திருத்தம் சொல்ல அவருக்குக் கதவு திறந்து விடுகிறீர்கள். அடுத்தவர் ‘முடித்துவிட்டேன்’ என்று கொடுத்ததைப் பார்த்து நீங்கள் ‘ரஃப்’ என்றால் அது வலிக்கும். கட்டாயம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் ‘எ பிட் ரஃப் அரவுண்ட் தி எட்ஜஸ்’ என்ற தொடர் இருக்கிறது. அடிப்படை நன்றாக இருக்கிறது, ஓரங்களில் கொஞ்சம் மெருகேற்றினால் போதும் என்ற பொருள் அதில் அடங்கிவிடும்.

வைரத்தையும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்க்க வேண்டும். வெட்டாத, பட்டை தீட்டாத வைரம் ‘ரஃப் டயமண்ட்’. ஆயுத மோதல்களுக்குப் பணம் திரட்ட வைர வியாபாரம் பயன்படுவதைத் தடுக்க 2003 முதல் நடைமுறையில் இருக்கும் கிம்பர்லி சான்றிதழ் முறை, இந்த ரஃப் வைரங்களின் பன்னாட்டு வணிகத்துக்கானது. நல்ல உள்ளம் கொண்ட, ஆனால் நடை உடை பேச்சில் நாசூக்கு இல்லாத மனிதரையும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ரஃப் டயமண்ட்’ என்பார்கள். அமெரிக்கர்கள் ‘டயமண்ட் இன் தி ரஃப்’ என்று திருப்பிப் போடுவார்கள்.

நேரத்தோடும் சேரும். ‘ரஃப் டே’ என்றால் படாதபாடு பட்ட நாள். ‘ரஃப் நைட்’ என்றால் தூக்கமில்லாமலோ உடம்பு முடியாமலோ தவித்த இரவு. ‘ரஃப் பேட்ச்’ என்றால் வாழ்க்கையிலோ தொழிலிலோ உறவிலோ கொஞ்ச காலம் நீடிக்கும் கஷ்டம். அது கடந்து போகும் என்ற குறிப்பும் உள்ளே இருக்கிறது.

நான்காம் படி: மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது

பெரும்பாலான தடுமாற்றம் இங்கேதான் நடக்கிறது. தமிழ்ப் பேச்சில் ‘அவர் ரஃப்பா பேசினார்’ என்றால் கடுகடுப்பாக, மரியாதை இல்லாமல் பேசினார் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் ஒருவர் இன்னொருவரிடம் ரஃப் ஆக நடந்தார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது உடல்ரீதியான முரட்டுத்தனம்: பிடித்துத் தள்ளுவது, அழுத்திப் பிடிப்பது, வேகமாக இழுப்பது. மரியாதைக் குறைவுக்கு ‘ரூட்’ என்று தனிச்சொல் இருக்கிறது. மருத்துவமனையில் ஒருவர் புகார் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவிலியர் ‘ரூட்’ என்றால் பேச்சு சரியில்லை என்று படிப்பவர் புரிந்துகொள்வார். செவிலியர் ‘ரஃப்’ என்றால், கட்டுப்போடும்போது வலிக்க வலிக்கக் கையாண்டார் என்று ஆகிவிடும். இரண்டு புகாருக்கும் விசாரணை வேறு, விளைவும் வேறு.

பின்னால் வரும் சிறு சொல்லையும் கவனியுங்கள். ‘ரஃப் வித்’ என்றால் கையாளும் விதம். பூனைக்குட்டியை முரட்டுத்தனமாகத் தூக்கும் குழந்தையிடம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ‘ரஃப் ஆன்’ என்றால் ஒருவருக்குக் கஷ்டமாக அமைந்தது என்று பொருள். விவாகரத்து குழந்தைகளுக்கு ரஃப் ஆக இருந்தது என்னும்போது அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. சூழ்நிலை அவர்களை வாட்டியது.

ஒருவரின் தோற்றத்தைப் பற்றி ‘ரஃப்’ என்று சொல்வதும் ஆபத்தான இடம்தான். நாம் ரவுடி போல இருக்கிறார் என்ற பொருளில் சொல்லிவிடுவோம். பிரிட்டிஷ் வழக்கில் ஒருவர் ரஃப் ஆகத் தெரிகிறார் என்றால் சோர்ந்து, உடம்பு சரியில்லாதவர் போலத் தெரிகிறார் என்று பொருள். ‘ஃபீலிங் ரஃப்’ என்றால் உடம்புக்கு முடியவில்லை. நெருங்கிய நண்பரிடம் தவிர வேறு யாரிடமும் அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லாதீர்கள்.

குரல் விஷயம் எளிது. கரகரத்த குரல் ‘ரஃப் வாய்ஸ்’. அதில் பழியும் இல்லை, பாராட்டும் இல்லை.

விளையாட்டில் இந்தச் சொல் விதிப்புத்தகத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அமெரிக்கக் கால்பந்தில் தேவையில்லாத முரட்டுத்தனத்துக்கு ‘அன்னெசசரி ரஃப்னஸ்’ என்று பெயர்; தண்டனையாக, தவறு செய்த அணிக்குப் பாதகமாகப் பந்தை 15 கஜம் நகர்த்துவார்கள். பனி ஹாக்கியில் தள்ளுமுள்ளுக்கு ‘ரஃபிங்’ என்று சொல்லி, வழக்கமாக ஆட்டக்காரரை 2 நிமிடம் வெளியே உட்கார வைப்பார்கள். கோல்ஃபில் ‘தி ரஃப்’ என்றால் ஆட்டப்பாதைக்கு வெளியே புல் அடர்ந்து வளர்ந்திருக்கும் பகுதி. அங்கே அது முழுக்கப் பெயர்ச்சொல்.

ஐந்தாம் படி: மாறிப்போகும் சொற்களைப் பிரித்து வையுங்கள்

‘ஹார்ஷ்’, ‘கோர்ஸ்’, ‘க்ரூட்’, ‘டஃப்’, ‘க்ளம்ஸி’. இந்த ஐந்தும் ‘ரஃப்’ நிற்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கும், ‘ரஃப்’பும் அவற்றின் இடத்தைப் பிடிக்கும். இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம்.

தண்டனை, விமர்சனம், கண்ணைக் கூசும் வெளிச்சம், காதைக் குத்தும் சத்தம் இவற்றுக்கு ‘ஹார்ஷ்’தான். ‘ரஃப் பனிஷ்மென்ட்’ என்றோ ‘ரஃப் லைட்’ என்றோ எழுதினால் படிப்பவருக்கு ஏதோ இடறும். வானிலையில் இரண்டுமே வரும், ஆனால் காலம் வேறு. இன்று புயலடித்தால் ‘ரஃப் வெதர்’. அது நாளை அடங்கிவிடும். ஓர் இடத்தின் இயல்பே மனிதர் தாக்குப்பிடிக்க முடியாதது என்றால் ‘ஹார்ஷ் கிளைமேட்’. மாதக்கணக்கில் வாட்டிய பனிக்காலம் ‘ஹார்ஷ் வின்டர்’.

துகளும் இழையும் தடிமனாக இருப்பதற்கு ‘கோர்ஸ்’. பெருமணல், கல்லுப்பு, தடித்த நூலில் நெய்த துணி எல்லாம் கோர்ஸ். ‘ரஃப் சால்ட்’ என்று யாரும் சொல்வதில்லை. துணியைப் பொறுத்தவரை இரண்டும் செல்லும்: நெசவைப் பார்த்துச் சொன்னால் கோர்ஸ், உடம்பில் உறுத்துவதைச் சொன்னால் ரஃப். உப்புத்தாள் வாங்கும்போதும் இதே குழப்பம் வரும். கை தடவிப் பார்த்து நாம் ரஃப் என்போம். உறையில் கோர்ஸ் என்று அச்சிட்டிருக்கும், ஏனென்றால் அங்கே பேச்சு துகளின் அளவைப் பற்றியது.

‘க்ரூட்’டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஓவியர் ஒருவர் பென்சிலில் நாலு கோடு இழுத்து, முகம் எங்கே, கை எங்கே என்று குறித்துவைக்கிறார். அது ‘ரஃப் ஸ்கெட்ச்’. நாளை அதன் மேல்தான் ஓவியம் வரப்போகிறது. கோடு கோணலாக இருந்தாலும் கை தேர்ந்த கை என்பது தெரியும். இன்னொருவர் பொறுமையாக உட்கார்ந்து, வண்ணமும் பூசி, கையெழுத்தும் போட்டு முடித்துவிட்டார். ஆனால் கை ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கிறது, முகம் தட்டையாக இருக்கிறது. அது ‘க்ரூட் டிராயிங்’. முதலாவதில் வேலை முடியவில்லை, இரண்டாவதில் வேலை முடிந்தும் திறமை போதவில்லை. அதனால் ஒருவரின் வரைவை ‘ரஃப்’ என்றால் அவர் தலையாட்டுவார். ‘க்ரூட்’ என்றால் முகம் சுண்டிப்போவார். கொச்சையான நகைச்சுவையும் ‘க்ரூட் ஜோக்’தான். அதே சமயம் ‘க்ரூட் ஆயில்’ என்பது சுத்திகரிக்காத எண்ணெய். மக்கள்தொகைக் கணக்கில் ‘க்ரூட் பர்த் ரேட்’ என்பது வயதுவாரியாகச் சரிசெய்யாமல் 1000 பேருக்கு இத்தனை பிறப்பு என்று போடும் கணக்கு. இந்தத் துறைச்சொற்களில் இழிவு எதுவும் இல்லை, ‘ரஃப்’ போட்டு மாற்றவும் முடியாது.

‘டஃப்’ என்பது எளிதில் உடையாதது, விட்டுக்கொடுக்காதது. கண்டிப்பான ஆசிரியர் ‘டஃப் டீச்சர்’, கஷ்டமான தேர்வு ‘டஃப் எக்ஸாம்’. ‘ரஃப் அண்ட் டஃப்’ என்று இரண்டையும் சேர்த்தே கேட்டுப் பழகியதால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஒரு துணி ரஃப் ஆக இருந்தும் இழுத்தால் கிழிந்துவிடலாம். இன்னொரு துணி வழவழவென்று இருந்தும் டஃப் ஆக இருக்கலாம்.

கைதவறிப் பொருளைப் போட்டுக்கொண்டே இருப்பவர் ‘க்ளம்ஸி’. அவருக்கு முரட்டுத்தனம் இல்லை, கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை, அவ்வளவுதான். படித்தால் தடுக்கி விழவைக்கும் வாக்கியமும் ‘க்ளம்ஸி’யே.

ஆறாம் படி: ‘ரஃப்லி’க்கு இரண்டு வேலை

எண்ணுக்கோ அளவுக்கோ முன்னால் வந்தால் ‘ஏறக்குறைய’. செயலைச் சொல்லும் வினையோடு சேர்ந்தால் ‘முரட்டுத்தனமாக’. ஐம்பது பேர் என்பதற்கு முன் வந்தால் கிட்டத்தட்ட ஐம்பது பேர். தள்ளினான் என்பதோடு வந்தால் வேகமாகத் தள்ளினான். இந்த ஒரு விதியே பெரும்பாலான இடங்களில் போதும்.

முதல் வேலையில் ஒன்றை மறக்க வேண்டாம்: எண் கூட்டியோ குறைத்தோ தோராயமாக்கியதாக இருக்க வேண்டும். ‘ரஃப்லி 4,273’ என்று எழுதினால் வாக்கியம் தன்னையே மறுத்துக்கொள்கிறது. ஒன்று 4,273 என்று திட்டமாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் ‘ரஃப்லி 4,300’ என்று எழுதுங்கள். அலுவலகக் கடிதங்களில் இந்தப் பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது. திருத்தினால் எழுத்தின் நம்பகமே கூடும். ‘வெரி ரஃப்’ என்று எஸ்டிமேட்டுக்கு முன் போட்டால் துல்லியம் இன்னும் குறைவு என்று அர்த்தம், கூடுதல் என்றல்ல.

இன்னொன்று: ‘ப்ளே’, ‘ஸ்லீப்’, ‘லிவ்’ போன்ற வினைகளுக்குப் பின் ‘ரஃப்லி’ வராமல் ‘ரஃப்’ என்றே நிற்கும். ‘ப்ளே ரஃப்’ என்றால் முரட்டுத்தனமாக விளையாடுவது. ‘ஸ்லீப் ரஃப்’ என்றால் சரியாகத் தூங்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வீடில்லாமல் தெருவிலோ திறந்தவெளியிலோ படுத்துறங்குவதைச் சொல்லும் பிரிட்டிஷ் வழக்கு அது. செய்தியில் ‘ரஃப் ஸ்லீப்பர்’ என்று வந்தால் வீடற்ற ஒரு மனிதரைப் பற்றிய செய்தி.

‘ரஃப் அப்’ என்றால் ஒருவரை அடித்து உதைப்பது. ‘ரஃப் அவுட்’ என்றால் ஒரு திட்டத்தை மேலோட்டமாக வரைந்து பார்ப்பது. ஒரு சொல் மாறினால் காவல் நிலையம்வரை போகக்கூடிய வித்தியாசம், அதனால் இந்த இரண்டையும் தனித்தனியாகவே பழகுங்கள்.

யாராவது தங்கள் கஷ்டத்தைச் சொல்லும்போது ‘தட்ஸ் ரஃப்’ என்று ஆறுதலாகச் சொல்லலாம். வேலை போனது, பேருந்தைத் தவறவிட்டு மழையில் நடந்தது போன்றவற்றுக்குச் சரி. சாவு வீட்டுத் துக்கத்துக்கு இது மிகவும் லேசாகிவிடும். அங்கே முறையான இரங்கல் சொற்களே தகும்.

ஏழாம் படி: பழகிப் பாருங்கள்

ஒரு வாரம் நீங்கள் படிக்கும் ஆங்கிலத்தில் ‘ரஃப்’ வரும் இடமெல்லாம் அதை மட்டும் எழுதாமல், கூட வரும் பெயர்ச்சொல்லோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தமிழ்ப் பொருள் எழுத வேண்டாம், எதிர்ச்சொல்லை எழுதுங்கள். நாலைந்து குறிப்பு சேர்ந்ததுமே இதுவரை சொன்ன கூட்டங்கள் உங்கள் கையெழுத்திலேயே பிரிந்து நிற்பது தெரியும்.

அப்புறம் கீழே உள்ளவற்றுக்கு ரஃப், ரூட், ஹார்ஷ், கோர்ஸ், க்ரூட், க்ளம்ஸி இவற்றில் எது பொருந்தும் என்று முதலில் நீங்களே யோசியுங்கள்.

1. காயத்தைக் கழுவும்போது மருத்துவர் அழுத்தித் தேய்த்ததில் உயிர் போய்விட்டது.
2. சந்தேகம் கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.
3. ஒரு நாள் தாமதமாகக் கொடுத்ததற்கு மொத்த மதிப்பெண்ணையும் பறித்துவிட்டார்கள்.
4. மாவு நைசாக இல்லாமல் பெரிய துகளாக இருக்கிறது.
5. குழந்தை அழுதுகொண்டே இருந்ததில் விடியவிடியக் கண் மூடவில்லை.
6. மொழிபெயர்ப்பில் பொருள் சரி, ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் தடுக்குகிறது.
7. வழி கேட்டவருக்குத் தாளில் கைபோன போக்கில் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார்.

முதலாவது ரஃப், கையாண்ட விதம். இரண்டாவது ரூட். மூன்றாவது ஹார்ஷ், ஏனென்றால் அது தண்டனை. நான்காவது கோர்ஸ். ஐந்தாவது ரஃப், இரவோடு சேர்ந்தது. ஆறாவது க்ளம்ஸி. ஏழாவதில் இரண்டு விடைக்கு இடம் உண்டு. வழி கண்டுபிடிக்க அது போதும் என்று நினைத்தால் ‘ரஃப் மேப்’. அதை நம்பிப் போனவர் வேறெங்கோ போய் நின்றிருந்தால், திரும்பி வந்ததும் ‘க்ரூட் மேப்’ என்று சொல்ல அவருக்கு முழு உரிமை இருக்கிறது.